லைட் எரியலையா, ஸ்விட்ச் சுடுதா? அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

காரிமங்கலம், பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறவன் நான். போனில் கூப்பிடுகிறவர்கள் சொல்வது நாலைந்து வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். "ஒரு லைட்டு மட்டும் எரியலைங்க", "மினுக்கு மினுக்குனு இருக்குதுங்க", "போட்டதும் டிரிப் ஆகுதுங்க", "போர்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குதுங்க". அந்த வாக்கியங்களையே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி வயரின் நடுவில் இருப்பதில்லை. வயர் முடிகிற இடத்தில், ஸ்க்ரூ முடுக்கிய இடத்தில், முறுக்கி டேப் சுற்றிய இடத்தில்தான் இருக்கும். அதனால் எந்த அறிகுறியானாலும் பல்பில் தொடங்கி ஹோல்டர், ஸ்விட்ச், ஜாயிண்ட் என்று பின்னோக்கிப் போங்கள். வயரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். வந்த உடனே "மொத்த வயரையும் மாத்தணும்" என்று சொல்கிறவரிடம், எந்த பாயிண்டில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

## போர்டைத் திறக்கும் முன்

மெயினை ஆஃப் செய்யுங்கள். ஃபியூஸ் கேரியர் (ஃபியூஸ் கம்பி மாட்டுகிற பிடி) உள்ள பழைய வீடு என்றால் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போனால், "ஏன் கரண்ட் இல்லை" என்று வீட்டில் யாராவது எடுத்துச் சொருகிவிடுவார்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை ஆஃப் செய்த அடுத்த நொடியே அது லைட் லைனுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அதனால் அதன் ஸ்விட்சையும் ஆஃப் செய்து, அதன் பிளக்கையும் பிடுங்குங்கள். "மெயின் ஆஃப்தானே" என்று ஹோல்டரில் கை வைத்து ஷாக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்காரர்கள்தான்.

டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை ஆஃப் செய்துவிட்டு, வேலை செய்யப் போகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். செத்துப்போன டெஸ்டரை நம்பி வயரைத் தொடுவதை இந்த ஒரு பழக்கம் தடுக்கும்.

டெஸ்டர் சொல்வது பாதி விஷயம்தான். லைன் (கரண்ட் கொண்டுவருகிற வயர்) வருகிறதா என்று சொல்லும். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஒரு டெஸ்ட் லேம்ப் வேண்டும்: ஒரு ஹோல்டர், அதில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, இரண்டு முழ வயர், அவ்வளவுதான். வயர் முனையில் செம்பு அரை சென்டிமீட்டருக்கு மேல் தெரியக் கூடாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கரண்ட் ஓடும்போது கையில் பிடித்துத் தொட்டுப் பார்க்க வேண்டாம். மெயின் ஆஃபில் இரண்டு முனையையும் ஸ்க்ரூவில் மாட்டிவிட்டு, விலகி நின்று மெயினைப் போட்டுப் பாருங்கள்.

போர்டைக் கழற்றியதும் எதையும் பிரிக்கும் முன் போனில் இரண்டு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒரு லைட் மட்டும் எரியவில்லை, மற்றதெல்லாம் சரி

எரிகிற பல்பை இங்கே மாட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் போன் செய்கிறவர்கள் ஏராளம். அதுவும் எரியவில்லை என்றால் ஹோல்டருக்கு வாருங்கள்.

மெயின் ஆஃபில் ஹோல்டருக்குள் பாருங்கள். இரண்டு பித்தளைப் பின்னும் விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வர வேண்டும். உள்ளேயே தங்கிவிட்டால் ஸ்பிரிங் போய்விட்டது. பின் நுனி கறுத்திருந்தாலும், பேக்லைட் பொடிந்து உதிர்ந்தாலும் ஹோல்டரை மாற்றிவிடுங்கள். சுரண்டிச் சரிசெய்தால் நாலு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் ஏணி போட வேண்டியிருக்கும்.

ஹோல்டர் நன்றாக இருந்தால், பல்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டு ஒவ்வொரு பின்னிலும் டெஸ்டரை வையுங்கள்.

### எந்தப் பின்னிலும் டெஸ்டர் எரியவில்லை

லைன் வரவில்லை. ஸ்விட்சுக்குப் போங்கள். ஸ்விட்சின் ஒரு முனையில் எப்போதும் டெஸ்டர் எரிய வேண்டும். போட்டால் இரண்டு முனையிலும் எரிய வேண்டும். போட்டும் ஒரு முனையில் மட்டும்தான் எரிகிறது என்றால் ஸ்விட்ச் போய்விட்டது. 6 ஆம்பியர் ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாற்றுங்கள்.

எந்த முனையிலும் எரியவில்லை என்றால் ஸ்விட்சைக் குறை சொல்லாதீர்கள். ஒரே போர்டில் ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்த ஸ்விட்சுக்கு லைனை லூப் அடித்துக் கொண்டுபோயிருப்பார்கள். அந்தக் குட்டி வயர் ஏதாவது ஒரு முனையில் கழன்றிருக்கும். மெயினை ஆஃப் செய்து, ஒவ்வொரு லூப்பையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அதுதான்.

நம் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு: எறும்பு. கோடை மழை பெய்து நிலம் நனைந்ததும் சுவரில் பதித்த பைப் வழியாக போர்டுக்குள் ஏறிவிடும். பழைய ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் காண்டாக்ட் இரண்டும் தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் நசுங்கிக் கருகிய எறும்பு கறுப்புப் பசை மாதிரி அப்பியிருக்கும். ஸ்விட்ச் 'டக்' என்று விழும், ஆனால் லைட் வராது. இரண்டு மூன்று தடவை தட்டினால் எரியும். அப்படித் தட்டி எரிய வைக்கிற ஸ்விட்சை மாற்றுவதே நல்லது. போர்டுக்குள் பூச்சி மருந்து ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். பல ஸ்பிரேக்கள் தீப்பிடிக்கும், உள்ளே பொறி இருக்கிறது. பெட்டிக்குள் பைப் வந்து திறக்கும் வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் எறும்பும் பல்லியும் சேர்ந்தே நின்றுவிடும்.

### ஒரு பின்னில் எரிகிறது, ஆனாலும் லைட் இல்லை

லைன் வந்துவிட்டது. நியூட்ரல் வரவில்லை, அல்லது பல்பின் அடியில் இருக்கிற ஈயப் பொட்டு பின்னைத் தொடவில்லை. டெஸ்ட் லேம்பை ஹோல்டரின் இரண்டு ஸ்க்ரூவிலும் மாட்டிப் பாருங்கள். அது எரிந்தால் கோளாறு ஹோல்டரில்தான். எரியவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. சீலிங் ரோஸில் (லைட் வயர் மாட்டுகிற, கூரையில் உள்ள வட்ட மூடி) முதலில் பாருங்கள், அடுத்து ஜங்ஷன் பெட்டி (வயர்களைச் சேர்த்து முறுக்கிய பெட்டி).

### இரண்டு பின்னிலும் எரிகிறது

இதைப் பார்த்துப் பலர் குழம்பிவிடுவார்கள். "ரெண்டு லைன் வருதுங்க" என்பார்கள். அப்படி இல்லை. நியூட்ரல் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அதே நியூட்ரலில் இருக்கிற வேறு லைட்டோ ஃபேனோ ஆன் ஆகியிருக்கும், அதன் வழியாக லைன் சுற்றி வந்து நிற்கிறது. மற்ற ஸ்விட்சுகளை எல்லாம் ஆஃப் செய்தால் ஒரு பின் அணைந்துவிடும். அறுந்த இடம் அந்த அறையின் ஜங்ஷன் பெட்டியில் இல்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். நியூட்ரல் என்று நினைத்துத் தொடுகிற வயரே இங்கே ஷாக் அடிக்கும்.

## அறிகுறி: ஒரு அறையோ பாதி வீடோ முழுசாக இல்லை

எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கிற, தானாக விழுந்து கரண்ட்டை வெட்டுகிற ஸ்விட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில எம்.சி.பி. முழுசாகக் கீழே விழாமல் நடுவில் நிற்கும். ஒரு தடவை நன்றாகக் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்குங்கள். ஃபியூஸ் வீடு என்றால் கம்பி எரிந்திருக்கும். அளவான ஃபியூஸ் கம்பி மட்டும் போடுங்கள். வயரை உரித்து நாலு இழை செம்பை முறுக்கிப் போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிப் போட்ட ஃபியூஸ் எரியாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும்.

எம்.சி.பி. மேலேயே இருக்கிறது, அதன் கீழ் முனையில் டெஸ்டரும் எரிகிறது, அறை மட்டும் இருட்டு என்றால் எம்.சி.பி.க்கள் இருக்கிற டி.பி. பெட்டிக்குள் நியூட்ரல் வயர்கள் வரிசையாக மாட்டியிருக்கும் பித்தளைக் கட்டையைப் பாருங்கள். அதில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் ஒரு அறையே போகும். மெயின் ஆஃபில் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்று முடுக்கிவிடுங்கள்.

மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் பாதி வீடு போனால் ஒரு ஃபேஸ் வெளியிலேயே இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கும் அப்படித்தான் என்றால் உங்கள் வேலை முடிந்தது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குப் போன் செய்து சர்வீஸ் எண்ணைச் சொல்லிப் புகார் பதிவு செய்யுங்கள். மீட்டரும் அதற்கு முன்னால் இருக்கிற எதுவும் மின்வாரியத்தின் சொத்து. சீல் வைத்த பெட்டியைத் திறக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை.

## அறிகுறி: லைட் மினுக்குகிறது

எந்த லைட், எப்போது என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

### ஒரே லைட் மட்டும்

பல்பை மாற்றுங்கள். எல்.இ.டி. பல்பு சாகும் முன் இப்படி மினுக்கும், உள்ளே இருக்கும் டிரைவர் (எல்.இ.டி.க்குத் தேவையான அளவில் கரண்ட் கொடுக்கிற சர்க்யூட்) போகத் தொடங்கியிருக்கிறது. பால்ஸ் சீலிங்கில் பதித்த பேனல் லைட் என்றால் டிரைவர் தனிப் பெட்டியாகப் பின்னால் தொங்கும். முழு லைட்டையும் தூக்கிப் போடத் தேவையில்லை. பழைய டிரைவரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட், மில்லி ஆம்பியர், வோல்ட் மூன்றும் பொருந்துகிற புது டிரைவர் வாங்கி மாட்டினால் போதும். பழைய சோக் டியூப்லைட் என்றால் முதலில் ஸ்டார்ட்டர், அடுத்து டியூப், கடைசியில் சோக். சோக் போய்விட்டால் அதற்குச் செலவு செய்யாமல் எல்.இ.டி. பேட்டன் வாங்கி மாட்டிவிடுங்கள்.

பல்பு மாற்றியும் மினுக்கினால், முதல் அறிகுறியில் சொன்ன ஹோல்டர், ஸ்விட்ச் சோதனைகளைச் செய்யுங்கள்.

### மோட்டார் போட்டால் மட்டும்

போர் மோட்டாரோ கம்ப்ரஸரோ எடுக்கிற நொடியில் லைட் ஒரு தடவை மங்கி எழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க மங்கலாகவே இருந்தால் மெயினிலிருந்து வருகிற வயர் ஒல்லியாக இருக்கிறது, அல்லது மெயின் ஸ்விட்சில் ஒரு முனை தளர்ந்திருக்கிறது. மோட்டாருக்கு டி.பி.யிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். லைட் லைனில் மோட்டாரை மாட்டி வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் பழுதாவது மோட்டார் இல்லை, லைட் போர்டு.

### காற்றடித்தால் வீடு முழுக்க

சித்திரை, வைகாசியில் ஆலங்கட்டி மழையோடு வருகிற காற்றுக்கு மாமரக் கிளை சர்வீஸ் வயரை உரசும். கம்பத்திலும் வீட்டுச் சுவரிலும் ஜாயிண்ட் ஆடும். வெளியே நின்று பார்த்தால் இருட்டில் பொறி தெரியும். அது மின்வாரிய வேலை. கம்பு வைத்துக் கிளையைத் தள்ளப் போகாதீர்கள். பச்சைக் கம்பு கரண்ட் கடத்தும்.

### சில லைட் பளிச், சில லைட் மங்கல்

இந்தப் பட்டியலிலேயே மோசமான அறிகுறி இதுதான். ஒரு அறையில் லைட் கண்ணைக் கூசும், ஃபேன் பறக்கும். அடுத்த அறையில் லைட் செத்துக் கிடக்கும், ஃபிரிட்ஜ் முனகும். சில நேரம் உங்கள் வீடு முழுக்கப் பளிச், எதிர்வீடு முழுக்க மங்கல். நியூட்ரல் அறுந்துவிட்டது. அது உங்கள் மூன்று ஃபேஸ் சர்வீஸிலோ தெருக் கம்பத்திலோ நடந்திருக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரலாம். எதையும் சோதிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்து வீடுகளுக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். பிறகு மின்னகத்துக்குப் போன். லைன்மேன் வந்து சரிசெய்த பிறகும் மல்டிமீட்டர் வைத்து 230-க்கு அக்கம்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொருட்களை மாட்ட வேண்டும்.

## அறிகுறி: ஸ்விட்ச் சுடுகிறது, சடசட என்கிறது, கருகல் வாடை

கையால் தொட்டுத் தாங்க முடியாத சூடு எந்த ஸ்விட்சிலும் இருக்கக் கூடாது. லைட் ஸ்விட்ச் என்றால் வெதுவெதுப்பே சந்தேகத்துக்குரியது. 9 வாட் பல்புக்கு அங்கே சூடாக ஒன்றுமே இல்லை.

உடனே மெயினை ஆஃப் செய்து, ஆறவிட்டுத் திறங்கள். பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூதான். அந்த ஸ்க்ரூவைச் சுற்றி வயரின் உறை பழுப்பாகி, சுருங்கி, செம்பு கறுத்திருக்கும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செம்பை உரித்து மாட்ட வேண்டும். கறுத்த முனையையே இறுக்கினால் மறுபடி சுடும். இழை வயர் என்றால் எல்லா இழையும் ஸ்க்ரூவுக்குள் போக வேண்டும். முனை பெருசாக இருக்கிறது என்று பாதி இழையை வெட்டி விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை அனுமதிக்காதீர்கள். சுட்டுப்போன ஸ்விட்சையும் மாற்றிவிடுங்கள், உள்ளே ஸ்பிரிங்கின் விறைப்பு போயிருக்கும்.

அடுத்த காரணம், அந்த ஸ்விட்சில் என்ன ஓடுகிறது என்பது. 6 ஆம்பியர் பிளக்கில் அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு, இண்டக்‌ஷன் அடுப்பு என்று மாட்டினால் சுடாமல் என்ன செய்யும்? அவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும். லைட் பாயிண்டுக்குப் போடுகிற 1 அல்லது 1.5 வயரில் ஸ்விட்சை மட்டும் பெருசாக்கிப் பயன் இல்லை.

பட்டுப்புழு மனையும் மாட்டுக் கொட்டகையும் தனிக் கதை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மனை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னால் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்துக் கழுவுவார்கள். புழு இளசாக இருக்கும்போது உள்ளே ஈரப்பதத்தையும் கூட்டியே வைப்பார்கள். அந்த குளோரினும் ஈரமும் சேர்ந்து பித்தளை முனையைத் தின்றுவிடும். போர்டைத் திறந்தால் ஸ்க்ரூ தலையே தெரியாமல் பச்சைக் களிம்பு பொங்கியிருக்கும். கொட்டகையில் மாட்டு மூத்திரத்தின் ஆவி இதே வேலையைச் செய்யும். இங்கே எத்தனை தடவை ஸ்விட்ச் மாற்றினாலும் திரும்ப வரும். போர்டையே மனைக்கு வெளியே, தாழ்வாரச் சுவருக்குக் கொண்டுபோய்விடுங்கள். உள்ளே ரப்பர் வாஷர் வைத்து மூடுகிற பிளாஸ்டிக் லைட் மட்டும் இருக்கட்டும். கரைசல் அடிக்கிற நாளில் அந்த லைனை ஆஃப் செய்து வையுங்கள்.

மூன்று சூழ்நிலையில் நானே "வயரை மாத்துங்க" என்று சொல்லிவிடுவேன். ஒன்று, போர்டு முழுக்க அலுமினிய வயர். பழைய ரீப்பர் வயரிங் (சுவரில் மரச்சட்டம் அடித்து அதன் மேல் ஓட்டிய வயர்) வீடுகளில் இன்னும் இருக்கிறது. வளைத்தால் ஒடியும், செம்போடு முறுக்கிய இடம் வெண்பூத்துத் தளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு, வயர் உறையைத் தொட்டாலே பொடிகிறது. மூன்று, வீட்டில் எங்குமே எர்த் வயர் (கசிகிற கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வயர்) ஓடவில்லை. இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள்.

## அறிகுறி: ஸ்விட்ச் போட்டதும் டிரிப் ஆகிறது

முதலில் விழுவது எது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் லைனும் நியூட்ரலும் சேர்கிறது, அல்லது லோடு அதிகம். சின்ன பட்டனோடு இருக்கிற ஆர்.சி.சி.பி. விழுந்தால் கரண்ட் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

### எம்.சி.பி. விழுகிறது

பல்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். விழவில்லை என்றால் பல்பு. அப்படியும் விழுந்தால் ஹோல்டருக்குள் இரண்டு வயரின் இழை ஒன்றையொன்று தொடுகிறதா என்று பாருங்கள். வெளி லைட் என்றால் உள்ளே குளவி மண் கூடு கட்டி, அது மழையில் நனைந்திருக்கும். போர்டில் செத்த பல்லி இருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் விழுந்தால் சுவருக்குள் வயர். வயர்மேன் அந்த லைனில் ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரீஸாகப் போட்டுத் தேடுவார். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்பு முழுசாக எரியும், கோளாறான துண்டைப் பிரித்த நொடி அணையும். எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுகிறது என்று 10 ஆம்பியரைக் கழற்றி 32 போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர் கொடுத்துவிடுவார். நீங்கள் கேட்காதீர்கள்.

### ஆர்.சி.சி.பி. விழுகிறது

எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு.

ஒரு சிக்கல் உண்டு. வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. எங்காவது நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்.சி.பி. கீழே இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். அப்போது நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகப் பிரித்துத்தான் தேட வேண்டும். இது வயர்மேன் வேலை.

மழைக் காலத்தில் மட்டும் விழுகிறதா? ஐப்பசி மழையில் மொட்டை மாடித் தளத்தின் வெடிப்பு வழியாகத் தண்ணீர் பைப்புக்குள் இறங்கி சீலிங் பெட்டியில் தேங்கும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் மார்கழிப் பனியிலேயே பைப்புக்குள் வியர்த்துவிடும். லைனை ஆஃப் செய்து சீலிங் ரோஸைக் கழற்றிக் காயவிடுங்கள். மாடி வெடிப்பை அடைக்காமல் வயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசியில் புது வயரும் நனையும்.

டிரிப் தொல்லை என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேர்க் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிற வீடு எத்தனையோ. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழ வேண்டிய பொருள் அது, உயிர் காக்கத்தான் விழுகிறது. மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

## அறிகுறி: போர்டையோ சுவரையோ தொட்டால் ஷாக்

பிளாஸ்டிக் போர்டு ஷாக் அடிக்காது. அதை இறுக்கியிருக்கிற ஸ்க்ரூதான் அடிக்கும். உள்ளே லைன் வயரின் உறையை அந்த ஸ்க்ரூ குத்தியிருக்கும், அல்லது இரும்புப் பெட்டியின் விளிம்பு அறுத்திருக்கும். மெயின் ஆஃபில் திறந்து காயம்பட்ட வயரைக் கண்டுபிடியுங்கள். உறையில் கீறல் மட்டும் என்றால் டேப் சுற்றி, ஸ்க்ரூவிலிருந்து விலக்கி மடித்து வைக்கலாம். செம்பே வெட்டுப்பட்டிருந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். பெட்டிக்கு எர்த் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈரச் சுவரே இழுக்கிறது, பாத்ரூம் குழாய் இழுக்கிறது, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று இரும்பு எதைத் தொட்டாலும் இழுக்கிறது என்றால் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இதில் நீங்களே சோதிக்க ஒன்றும் இல்லை. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. எர்த் அறுந்திருந்தால் அந்த பல்பு வழியாகவே வீட்டில் உள்ள எல்லா இரும்பு உடம்புக்கும் கரண்ட் ஏறிவிடும். பல்பு முழுசாக எரிந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எர்த்துக்கென்று தனி மீட்டர் இருக்கிறது, அதில்தான் ஓம் கணக்குத் தெரியும்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எர்த் கெட்டுப்போக ஒரு காரணம் நிலமே. செம்மண்ணும் கப்பிக் கல்லும் நாலடி போனால் பாறையாகிவிடும். இரண்டரை மீட்டர் போக வேண்டிய பைப்பைப் பாறை தட்டிய இடத்தில் நிறுத்தி மண்ணை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். மழைக்காலத்தில் வேலை செய்யும், பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் செத்துவிடும். அதனால் கோடையில் ஷாக், மழையில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் எர்த் குழிக்குத்தான் போவேன். பாறை தட்டினால் இடத்தை மாற்றித் தோண்ட வேண்டும். தென்னை மரத்தடியும் குளியலறைத் தண்ணீர் போகிற பக்கமும் நல்ல இடங்கள், ஆனால் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. இருக்கிற குழிக்குக் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லதுதான், ஆனால் பாறையில் நின்ற பைப்பை அது காப்பாற்றாது.

எர்த் இல்லை என்று பிளக்கில் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் உங்கள் ஃபிரிட்ஜ் கதவே லைன் ஆகிவிடும். எங்காவது அப்படிப் பார்த்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி: ஆஃப் செய்த பிறகும் எல்.இ.டி. மெல்ல எரிகிறது

பேய் இல்லை. ஸ்விட்சில் குட்டியாகச் சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசிகிற துளிக் கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். அந்த ஸ்விட்சுக்குப் பதில் விளக்கில்லாத ஸ்விட்ச் போடுங்கள். சிவப்பு விளக்கே இல்லாமல் எரிந்தால், ஸ்விட்ச் ஆஃபில் ஹோல்டர் பின்னில் டெஸ்டரை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் லைனுக்குப் பதில் நியூட்ரலை ஸ்விட்சில் வெட்டியிருக்கிறார்கள். லைட் அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கிறது, பல்பு மாற்றும்போது அடிக்கும். இதை மாற்றியே ஆக வேண்டும். டெஸ்டர் மிக மங்கலாக எரிந்தால் பக்கத்து வயரின் தூண்டல்தான், ஆபத்தில்லை. நீளமான டூ-வே லைன்களில் (ஒரே லைட்டுக்கு இரண்டு இடத்தில் ஸ்விட்ச்) சகஜம். வேறு கம்பெனி பல்பு மாட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

## அறிகுறி: மாடிப்படி லைட் மேல் ஸ்விட்சைப் போட்டால்தான் கீழே வேலை செய்கிறது

யாரோ சமீபத்தில் ஒரு ஸ்விட்சை மாற்றியிருப்பார்கள். டூ-வே ஸ்விட்சில் மூன்று முனை. காமன் முனையில் வர வேண்டிய வயர் ஓர முனைக்குப் போயிருக்கும். பெரும்பாலான ஸ்விட்சுகளில் காமன் நடு முனைதான். மாற்றிய ஸ்விட்சை மட்டும் திறந்து, நடு வயரையும் ஓர வயர் ஒன்றையும் இடம் மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மற்ற ஓர வயரோடு மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மெயின் ஆஃப். சாதாரண ஒன்-வே ஸ்விட்ச் வாங்கி மாட்டியிருந்தால் என்ன மாற்றினாலும் வராது, பின்பக்கம் மூன்று முனை இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பல்பு மாதத்துக்கு ஒன்று போகிறது

ஒரே இடத்தில் போனால் ஹோல்டர் தளர்வு, அல்லது காற்றே போகாத மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் எல்.இ.டி. வெந்துபோகிறது. சிமெண்ட் ஷீட் கூரையை ஒட்டி மாட்டிய பல்பும் அப்படித்தான், அரை அடி கீழே இறக்குங்கள். வீடு முழுக்கப் போனால் இரவு பத்து மணிக்கு மேல் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். தொடர்ந்து 250-ஐத் தாண்டி நின்றால், சில நாள் அளவை நேரத்தோடு எழுதி உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

"கரண்ட் இல்லை, வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த லைட், மழைக்கு முன்னா பின்னா, எது விழுகிறது, அதற்கு முன் யார் எதை மாற்றினார்கள் என்று சொன்னால் தேவையான சாமானோடு வருவார், இரண்டாவது தடவை ஓசூருக்கோ தருமபுரிக்கோ சாமான் வாங்க அலைகிற கூலி மிச்சம். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், உள்ளவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

வயர் மாற்ற வேண்டும் என்று சொன்னால் மெகர் (வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மீட்டர்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரில் ஈரமோ காயமோ இருக்கிறது. மெகர் போடும் முன் அந்த லைனில் உள்ள எல்.இ.டி. பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவும் தப்பாக வரும், பல்பும் போகும்.